மச்சான் தோள்

ஏகாம்பரத்துக்குத் தன் மச்சான் பூவலிங்கத்தைக் கண்டால் வயிறு எரியும். சொத்துத் தகராறா, கொடுக்கல் வாங்கலா என்று கேட்காதீர்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. பூவலிங்கம் ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டான், ஏகாம்பரம் வளரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மச்சான் உயரமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே, பரணில் இருப்பதை ஏணி போடாமல் எடுத்துக் கொடுப்பான் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஏகாம்பரத்துக்கு நாலு வயதில் செவ்வந்தி என்று ஒரு மகள் இருந்தாள். தாய்மாமன் தோளில் ஏறிவிட்டால் லேசில் இறங்கமாட்டாள்.

போன மாதம் கோயில் கொடையில் சாமி புறப்பட்டபோது ஏகாம்பரம் ஆசையாகக் குனிந்து, "வா தங்கம், அப்பா தோள்ல ஏறிக்கோ" என்றான். ஏறினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அப்பா, எல்லார் முதுகும்தான் தெரியுது. நான் மாமாகிட்டப் போறேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் மனைவி வடிவும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மலையடிவாரத்து மடத்தில் சாமியம்மா இருந்தார். வயதில் ஏகாம்பரத்துக்கு இளையவர்தான். ஆனாலும் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் தீட்சை வாங்கியவன் அவன். மனதில் எது புகைந்தாலும் அங்கேதான் போவான். அன்றும் போனான். சாமியம்மா அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளு."

"பெத்தவனைவிட மாமன் பெரிசா?"

"யாருக்கு?"

"பிள்ளைக்கு."

"பிள்ளைகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். மாமாதான் உசரம்னு சொல்லுது."

"நிசந்தானே?"

ஏகாம்பரத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குருவிடம் கோபப்பட முடியுமா? விழுங்கிக்கொண்டான்.

"எனக்கு அந்த உசரம் வேணும் அம்மா. ஒரே ஒரு நாளாவது. என் பிள்ளை என் தோள்ல உக்காந்து ஊரைப் பாக்கணும். அவன் கீழே நின்னு அதைப் பாக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

சாமியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"குருபூசைக்குப் பிள்ளையோட வா" என்றார். "அப்புறம் பேசுவோம்."

குருபூசை அன்று மடத்துத் தெருவே கூட்டமாக இருந்தது. பூவலிங்கம் வழக்கம்போல நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். 'பெரிய பக்திமான்னு நினைப்பு' என்று ஏகாம்பரம் மனதுக்குள் கறுவினான். பூவலிங்கத்தின் தோளில் செவ்வந்தி. அவளுடைய இரண்டு காலையும் அவன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பெற்ற தகப்பன் தேங்காய் பழப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான்.

"மாமன் தோள்ல மகாராணி போறா பாரு!" என்றாள் ஒரு பூக்காரி. ஏகாம்பரம் காதில் விழாத மாதிரி நடந்தான். நன்றாகவே விழுந்தது.

மடத்து வாசல் பழைய காலத்துக் கல் வாசல். அதன் ஓரத்தில் சாமியம்மா தட்டை ஏந்தி, உள்ளே போகிறவர்களுக்குத் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு முன்னால் பூவலிங்கம் நின்று, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செவ்வந்தியை இறக்கிவிட்டான்.

ஏகாம்பரம் விடுவானா? பையை மச்சான் கையில் திணித்தான். பிள்ளையை வாரித் தன் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"அத்தான், வாசலைத் தாண்டி ஏத்திக்கலாம்..."

"எல்லாம் எனக்குத் தெரியும் மாப்ள. என் பிள்ளைதானே?"

மேலேயிருந்து செவ்வந்தி சிணுங்கினாள். "அப்பா, எறக்கி விடு. மாமா வாசல்ல எறக்கித்தான் விடும்."

"வாயைத் தொறந்தா மாமாதானா? அப்பா எறக்கமாட்டேன். கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

எதைப் பிடிப்பாள் பாவம், அவனுக்கு முன்மண்டையில் முடி கிடையாது. இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள். அவன் அவளுடைய ஒரு காலை மட்டும் பிடித்தபடி, மற்றக் கையை உயர்த்தி, முன்பே உள்ளே போயிருந்த வடிவைக் கூப்பிட்டான். 'பாருடி, இப்போ சிரி பாப்போம்' என்று நிமிர்ந்து நடந்தான். அந்த வாசலில் எத்தனையோ தடவை அப்படித்தான் நிமிர்ந்து போயிருக்கிறான்.

தட்டு கணீரென்று விழுந்தது. திருநீறு எல்லார் காலிலும் கொட்டியது.

சாமியம்மா எக்கிக் கையை நீட்டி, வாசலின் மேல்கல்லில் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். பிள்ளையின் நெற்றி அதில் மோதியது. கையின் புறம் கல்லில் நசுங்கியது. அதிர்ச்சியில் செவ்வந்தி காதை விட்டுப் பின்னால் சாய்ந்தாள். பூவலிங்கம் பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான்.

பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் வீறிட்டு அழுதது. அழுதுகொண்டே மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அந்த நேரத்திலும் ஏகாம்பரத்துக்கு அது சுருக்கென்று தைத்தது. சீ, இப்போதுமா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பூசை முடிந்தபின் ஏகாம்பரம் சாமியம்மாவின் கைக்கு மஞ்சள் பற்றுப்போட்டுத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். விரல் முட்டிகள் தோல் உரிந்து வீங்கியிருந்தன. அவன் கண்ணிலிருந்து நீர் அந்தத் துணியில் விழுந்தது.

"நான் கவனிக்கலை அம்மா."

"தெரியும்."

"இத்தனை வருசமா வாறேன். இந்த வாசல் ஒரு நாளும் இடிச்சதில்லை."

"நீ கேட்ட உசரம் இன்னிக்குத்தானேப்பா வந்துது?"

துணியின் முனையை இழுத்து முடிச்சுப் போட்டான். ஆனாலும் உள்ளே புகைவது அடங்கவில்லை.

"அவனுக்கு மட்டும் எப்படி அம்மா தெரியுது? ஒவ்வொரு வாசல்லயும் சரியா நின்னு எறக்கி விடுதான். யார் சொல்லிக் குடுத்தா?"

சாமியம்மா பூவலிங்கத்தைக் கூப்பிட்டார். அவன் குனிந்து உள்ளே வந்து, முன்னால் உட்கார்ந்தான். அவர் ஈரத்துணியை எடுத்து அவன் நெற்றியிலிருந்த திருநீற்றைத் துடைக்கப் போனார்.

"வேண்டாம்மா" என்று அவன் கூச்சப்பட்டான். "பாக்க நல்லா இருக்காது."

துடைத்துவிட்டார். நெற்றி முழுவதும் தழும்புகள். வெளுத்துப்போன பழையவை, இன்னும் கறுக்காத புதியவை, ஒன்றின்மேல் ஒன்றாக.

"என்ன மாப்ள இது?" என்றான் ஏகாம்பரம்.

"எல்லாம் வாசல்தான் அத்தான். வீட்டுக்கு ஒண்ணு." பூவலிங்கம் சிரித்துக்கொண்டே புருவத்துக்கு மேல் இருந்த பெரிய தழும்பைத் தொட்டுக் காட்டினான். "இது உங்க வீட்டு வாசல். அக்காவைக் கட்டிக்குடுத்த அன்னிக்கு."

ஏகாம்பரம் எட்டி அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தான்.

"இத்தனை வருசமும் அவன் தோளோட நின்னுட்டியேப்பா" என்றார் சாமியம்மா. "ஒரு சாண் மேலே பாத்திருக்கலாம்."