கெட்ட சேதி வந்தால் பசிக்கும்

சேந்தனும் விடங்கனும் ஒரே நாளில் அந்த மடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். ஒரே பாயில் படுத்தார்கள். ஒரே பாடத்தைப் படித்தார்கள். படிப்பில் சேந்தன் ஒரு படி மேல் என்பார்கள். பெரும்பாலும் சேந்தன்தான் அப்படிச் சொல்லுவான்.

ஒரு நாள் காலையில் அரண்மனையிலிருந்து வண்டி வந்தது. பெரிய ஏரிக்கு அதிகாரியாக வைக்க ஒரு படித்த ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். சேந்தன் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்து நின்றபோது வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே விடங்கன் உட்கார்ந்திருந்தான். கையசைத்தான். சேந்தனும் கையசைத்தான், முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு.

குரு ஏன் அவனை அனுப்பினார் என்று சேந்தன் கேட்கவில்லை. கேட்டால் பொறாமை என்று நினைத்துவிடுவார்கள். பொறாமைதான். அதனால்தான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு நாட்டைப் பற்றிய கவலை வந்துவிட்டது.

நாடு அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது. சாலையெல்லாம் குழி. களஞ்சியத்து நெல்லில் புழு. வழக்கு என்று போனவன் கிழவனாகித் திரும்பினான். ஏரிக்கரைக் காவலாளி செத்துப் பல வருஷம் ஆகியும் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. இவையெல்லாம் அதுவரை சேந்தன் கண்ணில் படவில்லை. விடங்கன் தலைக்கு மேல் வெள்ளைக்குடை ஏறிய பிறகு ஒவ்வொன்றாகப் பட ஆரம்பித்தன.

குருவின் பெயர் ஆதனார். பெரிய வயதொன்றும் இல்லை, தாடியில் இன்னும் கறுப்பு இருந்தது. பேச்சு குறைவு. மடத்தில் சமைப்பவர் யாராக இருந்தாலும் பரிமாறுவது அவர்தான். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். சாப்பிடுகிறவன் வேண்டும் என்றும் கேட்கக்கூடாது, போதும் என்றும் சொல்லக்கூடாது. மற்ற இடங்களில் இலையைப் பார்த்துப் பரிமாறுவார்கள். ஆதனார் முகத்தைப் பார்த்துப் பரிமாறுவார். யாருக்கும் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

மடத்துக்குச் சேதி கொண்டுவருபவள் மோர்க்காரி கோதை. ஏரிக்கரைக்கு நேர் கீழே கரையடி என்று ஒரு குடியிருப்பு. அங்கிருந்து தினமும் மோர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். மோரை ஊற்றும்போதே நாட்டு நடப்பையும் ஊற்றிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் தெற்கு வாய்க்கால் உடைந்து நாற்றங்கால் எல்லாம் அடித்துக்கொண்டு போன கதையைச் சொன்னாள். "ஆளு வரும், மண்ணு வரும்னு சொன்னாங்க சாமி. கடைசியில தண்ணிதான் வந்துச்சு" என்றாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு சேந்தன் குருவின் முன்னால் போய் உட்கார்ந்தான். வாய்க்காலில் தொடங்கிக் களஞ்சியம் வரைக்கும் வந்தான். அதிகாரத்தில் இருப்பவர்களின் லட்சணத்தை அலசினான். விடங்கன் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. வெள்ளைக்குடை என்று மட்டும் நாலைந்து முறை சொன்னான். கடைசியாக ஒரு கேள்வி கேட்டான்.

"ஆளுறவங்க இப்படி இருக்கிற நாட்டுல ஒருத்தன் வாழறதுக்கு என்ன அர்த்தம் ஐயா?"

"வயிறு நிறைஞ்சுதா?" என்றார் குரு.

"நிறைஞ்சுது ஐயா."

"அப்போ இன்னைக்கு வேண்டாம். பசியோட இருக்கிறப்ப வந்து கேளு."

இதில் ஏதோ ஆழமான பொருள் இருக்கிறது என்று சேந்தன் நினைத்தான். அந்தக் கேள்வியைப் பசியோடு கேட்க அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை. கெட்ட சேதிகள் வந்துகொண்டே இருந்தன.

ஐப்பசி பிறந்தது. மழை விடாமல் பெய்து ஏரி நிரம்பியது. ஒரு காலை மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மாட்டுக்குப் புல் அறுத்து வரச் சேந்தனை அனுப்பினார் குரு.

ஏரிக்கரையின் அடிவாரத்தில் புல் செழித்துக் கிடந்தது. அறுத்துக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான். காலுக்குக் கீழே ஈரம். மழை ஈரம் இல்லை. கரையின் அடியில் விரல் நுழையும் அளவு ஓட்டை, அதிலிருந்து தண்ணீர் கசிந்தது. தண்ணீர் கலங்கலாக இருந்தது.

தெளிந்த கசிவென்றால் பயமில்லை. கலங்கல் வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று ஏரிப்பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். கண்ணில் பட்டவன் ஒரு நொச்சிக் கொப்பை ஒடித்து அந்த இடத்தில் நட வேண்டும். நட்டுவிட்டுக் கூவ வேண்டும். ஆட்கள் வந்து சேரும்வரை அவன் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. அரசனே வழியில் போனாலும் அவனை நகரச் சொல்ல முடியாது. யார் போட்ட சட்டமும் இல்லை, கரையோடு பிறந்த வழக்கம்.

சேந்தன் கொப்பை ஒடித்துவிட்டான். நடக் குனிந்தான். அப்போது கரைமேல் வெள்ளைக்குடை தெரிந்தது.

விடங்கன் நின்றுகொண்டிருந்தான். சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவன் குடை பிடித்தான், ஒருவன் ஏதோ சொல்லி வணங்கினான். விடங்கன் ஏரியைப் பார்த்துத் தலையாட்டினான். தண்ணீர் இருந்த பக்கத்தைத்தான் பார்த்தான், இந்தப் பக்கம் குனிந்து பார்க்கவில்லை.

சேந்தனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே பாயில் படுத்தவன். பாதிப் பாடத்தை இவனிடம் கேட்டு எழுதியவன். இன்று அவனுக்குக் குடை, இவனுக்குப் புல்லரிவாள். கூவினால் என்ன ஆகும்? அதிகாரி வருவார், ஆட்களை ஏவுவார், கரை நிற்கும், பெயர் யாருக்குப் போகும்?

குடை வைத்திருக்கிறவன் பார்க்கட்டும், அவன் வேலைதானே என்று நினைத்தான். நினைத்ததில் தப்பொன்றும் இல்லை. நிஜமாகவே அது அவன் வேலைதான்.

கொப்பைக் கீழே போட்டான். புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டான்.

சாப்பாட்டு நேரம். இலையில் உட்கார்ந்தான். குரு வந்தார். முகத்தைப் பார்த்தார். ஓர் அகப்பை சோறு வைத்தார். மறுபடி பார்த்தார். இன்னொன்று வைத்தார். அதன்மேல் இன்னொன்றும் வைத்தார். சேந்தன் எல்லாவற்றையும் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். நல்ல பசி.

குரு நகராமல் அங்கேயே நின்றார்.

"இன்னைக்கு என்ன கெட்ட சேதி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லையே ஐயா."

"இல்லாம உனக்கு இவ்வளவு பசிக்காதே."

சேந்தன் நிமிர்ந்து பார்த்தான். குருவின் முகத்தில் கோபம் இல்லை, அகப்பைதான் அசையாமல் இருந்தது. அவர் நிதானமாகச் சொன்னார். வாய்க்கால் உடைந்த அன்று சேந்தன் இப்படித்தான் சாப்பிட்டான். களஞ்சியத்தில் புழு என்று சேதி வந்த அன்றும் அப்படித்தான். வடக்குச் சாலையைச் செப்பனிட்டுவிட்டார்கள் என்று கோதை சொன்ன அன்றைக்கு வயிற்றுவலி என்று இலையை மடித்துவிட்டான்.

"ஒரு வருஷமா நாட்டு நிலவரத்தை உன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். கோதை வந்து சொல்லித் தெரிஞ்சதில்லை."

சேந்தனுக்குக் காது சுட்டது. "நான் சொன்னது எதுவும் பொய் இல்லை ஐயா" என்றான்.

"எல்லாம் நிஜம். அரசு சரியில்லை. நீ சொன்னதைவிட மோசம்." குரு மோர்ப்பாத்திரத்தை எடுத்தார். "ஆனா அழ வேண்டிய சேதிக்கெல்லாம் நீ சாப்பிட்டே."

மோரை ஊற்றினார். சோறு மூழ்கியது.

"கோதை இன்னைக்குச் சீக்கிரம் வந்து ஊத்திட்டுப் போயிட்டா. பிள்ளைக்குக் காய்ச்சலாம். வீட்டை விட்டு நகர முடியாதுன்னு சொன்னா" என்றார்.

சேந்தன் கை இலையில் நின்றது. மோர் சோற்றைச் சுற்றி மெல்லப் பரவி இலை விளிம்புக்கு வந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். பாதிச் சாப்பாட்டில் எழுவது அந்த மடத்தில் பெரிய குற்றம். எச்சில் கையோடு வாசலைத் தாண்டி ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது ஓட்டையில் கையையே விடலாம் போல இருந்தது. காலையில் போட்ட கொப்பு அங்கேயே கிடந்தது, அதன்மேல் சேறு ஓடிக்கொண்டிருந்தது. எடுத்து நட்டான். கூவினான். முதல் கூவலில் குரலே எழும்பவில்லை. இரண்டாவதில் கரையடியில் யாரோ வாங்கிக் கூவினார்கள். அங்கிருந்து அடுத்த வீடு, அதற்கடுத்த தெரு. குடியிருப்பே கூடையும் மண்வெட்டியுமாக ஏறி வந்தது. கோதையும் வந்தாள், இடுப்பில் காய்ச்சல் பிள்ளையோடு.

அவர்கள் வந்து சேரும்வரை சேந்தன் அசையவில்லை. ஓட்டையில் புல்லையும் தன் மேல்துண்டையும் திணித்து, இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நின்றான்.

விடங்கனும் வந்தான், குடையோடு. அவன் கட்டளைகள் எல்லாம் கொஞ்சம் தாமதமாகவே வந்தன. கொட்டுங்கள் என்று அவன் சொல்லும்போது மண் கொட்டி முடிந்திருக்கும். தண்ணீர் புகும் நண்டு வளை ஏரிப்பக்கம் இருக்கும் என்று ஒருவர் மூழ்கித் தேடிக் கண்டுபிடித்தார். வைக்கோலும் களிமண்ணும் அடைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் கலங்கல் தெளிந்தது. பிறகு கசிவும் நின்றது. சேந்தனும் கூடை சுமந்தான். ஒவ்வொரு கூடையோடும் அந்தக் குடையைப் பார்த்தான், ஒவ்வொரு முறையும் எரிந்தது.

மறுநாள் காலையில் தெருத்தெருவாகப் பறை அடித்தார்கள். ஏரி அதிகாரி விடங்கனார் இரவு பகல் பாராமல் கண்காணித்துக் கரையைக் காத்தார் என்றார்கள். அவருக்கு அரசர் பட்டு சாத்தப்போகிறார் என்றார்கள். நொச்சிக் கொப்பு நட்டவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

மத்தியானம் சேந்தன் வந்து இலையில் உட்கார்ந்தான். குரு அகப்பையோடு வந்தார். முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சோறு வைக்கவில்லை.

"ஐயா, இன்னும் எரியுது" என்றான் சேந்தன்.

"நேத்து மண்ணு சுமந்தியே, அப்போ எரியலையா?"

"அப்போ இதைவிட அதிகம்."

"அதோடதானே சுமந்தே."

இலை காலியாகக் கிடந்தது. நேற்று மதியம் பாதியில் எழுந்ததோடு சரி, அதற்குப் பிறகு அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"பசிக்குதா?"

"பசிக்குது ஐயா."

"அப்போ இப்ப கேளு. அன்னைக்கு ஒரு கேள்வி வெச்சிருந்தியே."

சேந்தன் வாயைத் திறந்தான். ஆளுகிறவர்கள், நாடு, வாழ்க்கை, அர்த்தம் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. வெளியே வந்தது வேறு.

"என்னை ஏன் அனுப்பலை?"

"நீ குளிக்கப் போயிருந்தே" என்றார் குரு.

சேந்தன் அவரையே பார்த்தான். ஒரு வருஷமாக அவன் மனதில் நூறு காரணம் ஓடியிருக்கிறது. இது அதில் இல்லை.

"அவ்வளவுதானா ஐயா?"

"அவ்வளவுதான். உங்க ரெண்டு பேர்ல யாரா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். வண்டி வந்தப்ப அவன் வாசல் கூட்டிக்கிட்டிருந்தான். கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்போ நான் எரிஞ்சதெல்லாம்?" என்றான் சேந்தன். "ஒருத்தன் வாழ்க்கை அவ்வளவுதானா ஐயா? வாசல்ல நின்னா ஒண்ணு, நிக்காட்டா ஒண்ணா?"

குரு குனிந்து அவன் இலையில் ஓர் அகப்பை சோறு வைத்தார்.

"வண்டி வந்தப்ப அவன் வாசல்ல நின்னான்" என்றார். "தண்ணி வந்தப்ப நீ கரையில நின்னே. ரெண்டாவது தடவைதான். இருந்தாலும் நின்னே."