தலையணை உயரம்

"இன்னும் ஒண்ணு குடு தம்பி. இருக்கிற ஒண்ணும் போகப் போகுது" என்றார் புனிதவல்லி.

தேசப்பன் நிமிரவில்லை. மீன் பையில் காற்றை நிரப்பி ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டிருந்தான்.

"குடுக்க மாட்டேன்."

"ஏன், இல்லையா?"

"இருக்கு. குடுக்க மாட்டேன்."

கொளத்தூர் மீன் சந்தையில் தேசப்பனை வாத்தியார் என்பார்கள். எந்த மீனும் அவன் கையில் குஞ்சு பொரிக்கும். அவன் வாயைத் தாங்குகிறவர்களுக்கு மட்டும் அந்த வித்தை கிடைக்கும். முப்பத்தொரு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்த புனிதவல்லிக்கு அந்த வாய் ஒரு வாயே இல்லை. எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தவர்.

"ஆறு ஜெல்லி மீன் வாங்கினேன். அஞ்சு போச்சு. நீ சொன்ன உப்பு, நீ சொன்ன குளிர், நீ சொன்ன தீனி. எதுல குறை வெச்சேன், சொல்லு."

"எங்கப்பா வலையில இந்தச் சொறிமீன் மாட்டுனா, கெட்ட வார்த்தை சொல்லிக் கடல்ல வீசுவாரு. நீங்க கூலிங் மெஷின் வெச்சு வளக்குறீங்க. அதுக்கு ஆயுசே ஒரு வருஷம் சிஸ்டர். நான் இன்னா பண்றது?"

"ஆயுசு முடியறதுக்குள்ள குட்டி போடணும்ல? உன் தொட்டியில போடுது. என் தொட்டியில ஏன் போடல?"

இப்போதுதான் நிமிர்ந்தான்.

புனிதவல்லியின் குரல் இறங்கியது. "அவருக்குப் பார்க்க வேற எதுவும் இல்ல தம்பி."

அவர் என்றது கணவர் சபாரத்தினத்தை. பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். பேச்சு இல்லை. வலது பக்கம் இல்லை. டிவியைப் போட்டால் கண்ணை மூடிக்கொள்வார். கட்டிலுக்கு எதிரே ஒரு வட்டக் கண்ணாடித் தொட்டியை வைத்த அன்றுதான் அந்தக் கண் மூடாமல் இருந்தது. குடையை விரித்து மடக்கி மிதக்கிற அந்த உயிர்களைப் பார்த்தபடியே கிடப்பார். கடைசி ஒன்றும் போய்விட்டால் அந்தக் கண் எங்கே போகும்?

"கடையைச் சாத்திட்டு வரேன்" என்றான் தேசப்பன்.

*

வாசலிலேயே பினாயில் வாசனை. தரையில் முகம் தெரிந்தது.

"செருப்பை மட்டும் கழட்டினா போதுமா சிஸ்டர், இல்ல காலையும் கழட்டணுமா?"

"பேசாம உள்ள வா."

தொட்டியைப் பார்த்தான். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. தண்ணீர் அந்தரத்தில் நிற்பது மாதிரி இருந்தது. நடுவில் ஒற்றை ஜெல்லி மீன். ஓரம் கிழிந்து, சுருங்கி, நினைத்துக்கொண்டபோது ஒரு முறை துடித்தது.

"இது தொட்டியா, ஆபரேஷன் தியேட்டரா?"

"தினம் காலையில கண்ணாடி முழுக்கத் தேய்ச்சிடுவேன். சாயங்காலம் இன்னொரு தடவை. அவருக்கு அழுக்கு ஆகாது. பாரேன்."

புனிதவல்லி ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டிக்குள் கையை விட்டார்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற சத்தம்.

"பார்த்தியா? இன்னும் தேய்ங்கிறார். கொஞ்ச நாளாவே இப்படித்தான். எவ்வளவு தேய்ச்சாலும் திருப்தி இல்ல."

தேசப்பன் சபாரத்தினத்தின் கண்ணைப் பார்த்தான். அது மிதக்கிற ஜெல்லி மீனைப் பார்க்கவில்லை. வேறெங்கோ கீழே பார்த்தது.

"ஐயா, கோச்சுக்காதீங்க" என்றான். கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

"ஏய்! இப்பதான் விரிப்பு மாத்தினேன்! மீன் நாத்தத்தோட..."

அதே தலையணையில் தலையை வைத்தான். அவர் பார்க்கிற பக்கம் பார்த்தான். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது.

"சிஸ்டர்."

"என்ன?"

"ஸ்பாஞ்சைக் கீழ போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்கன்றேன்ல!"

போட்டார். சபாரத்தினத்தின் சத்தம் நின்றது.

தேசப்பன் எழுந்து இடம் விட்டான். "இப்ப நீங்க படுங்க."

"எனக்கு வேலை கிடக்கு."

"படுங்க சிஸ்டர்."

அந்தக் கட்டிலுக்கு இரண்டு வருஷமாக விரிப்பு மாற்றியிருக்கிறார் புனிதவல்லி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கணவரைப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார். முதுகில் ஒரு புண் வர விட்டதில்லை. அந்தக் கட்டிலில் மட்டும் படுத்ததில்லை.

படுத்தார்.

தொட்டிக்குள் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு சின்னத் தட்டு உண்டு. நின்று பார்த்தால் அதன் மேல்பக்கம்தான் தெரியும். இங்கிருந்து அடிப்பக்கம் தெரிந்தது. ஸ்பாஞ்ச் போகாத இடம். அங்கே வெள்ளை வெள்ளையாக, கசகசா அளவில், தலைகீழாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மயிரிழை போலக் கைகள். கைகள் அசைந்தன.

"என்ன அது, பூஞ்சையா?"

"உங்க சொறி போட்ட குட்டி. இது பொறந்ததும் மிதக்காது. எங்கனாச்சும் போய் ஒட்டிக்கும். கண்ணாடி பூரா ஒட்டியிருக்கும். நீங்க தினம் ரெண்டு வேளை..."

கீழே கிடந்த ஸ்பாஞ்சைக் காலால் ஓரம் தள்ளினான்.

புனிதவல்லி தன் கையைப் பார்த்தார்.

"அப்போ இவர் கத்தினது..."

தலையணையிலேயே முகத்தைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார்.

"தேய்க்கச் சொல்றார்னு நெனச்சேன் தம்பி."

"நானும் முதல் தொட்டியில தேச்சுக் கொன்னவன்தான். கத்திச் சொல்றதுக்கு எனக்கு ஆள் இல்ல."

குளிர் மெஷினைத் திருகினான். "இருபதுல இருக்கு. பதினாலுக்கு இறக்கிட்டேன். குளிர் பட்டாத்தான் குட்டி பிரியும். மூணு வாரம் கை வெக்கக் கூடாது. பாசி புடிச்சாலும் சரி."

"மிதக்குதே, அது?"

"அதுக்கு நேரம் வந்துடுச்சு சிஸ்டர். விடுங்க."

*

ஐந்தாம் நாள் அந்தக் கடைசி ஜெல்லி மீன் கரைந்தது.

பத்தாம் நாள் கண்ணாடியில் பச்சை படர்ந்தது. புனிதவல்லிக்குக் கை துறுதுறுத்தது. ஸ்பாஞ்சைப் பரண்மேல் போட்டுவிட்டு, ஏணியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்.

இருபத்திரண்டாம் நாள் தேசப்பனுக்கு போன் வந்தது. வந்து பார்த்தான். தண்ணீரில் எட்டு இதழ் வைத்த நட்சத்திரங்கள். மிளகு அளவுகூட இல்லை. துடித்துத் துடித்து ஏறின, இறங்கின.

"எத்தனை சிஸ்டர்?"

"எங்க எண்ண விடுது? எண்ண எண்ண ஓடுது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினார். "ஏங்க, எத்தனைங்க?"

சபாரத்தினத்தின் இடது கை விரல் ஒன்று விரிப்பில் தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. பதினேழில் நின்றது.

புனிதவல்லி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். திரும்புங்க, வாயைத் திறங்க, கையைத் தூக்குங்க. இரண்டு வருஷமாக இவ்வளவுதான் அவரிடம் சொன்னது.

"ஏங்க."

கண் அவர் பக்கம் வந்தது.

"மத்தியானத்துக்குச் சாதம் பிசையணும். ரசம் ஊத்தட்டா?"

விரல் அசையவில்லை.

"மோர்?"

தட்டியது. இன்னொரு தடவையும் தட்டியது. கொஞ்சம் கோபமாக.

"அட மனுஷா! ரெண்டு வருஷமா ரசம்தானே ஊத்திக்கிட்டிருக்கேன்!"

எழுந்தார். சமையலறைவரை போய்த் திரும்பி வந்து நின்றார். "வீட்டுல ஒரு கரண்டி தயிர் இல்லையே."

தேசப்பன் பைக் சாவியை எடுத்தான்.

"தயிர் நான் வாங்கியாரேன். நீங்க குந்திகினு இன்னும் எதுனா கேளுங்க."