ஆமைக்கு ஒரு வீடு

பொரி விழுந்ததும் மீன்கள் வாய் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும் சத்தம். வேதநாயகி அதைச் சின்ன வயதில், அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு கோயில் குளத்துப் படியில் நின்று கேட்டாள். தூறல் தொடங்குவது போல இருந்தது.

புருஷன் இறந்து, தம்பி வீட்டில் கொஞ்ச காலம் இருந்து, அங்கிருந்தும் கிளம்பி இந்தப் பெண்கள் மடத்துக்கு வந்தாள். தோட்டத்துக் குளத்தில் அவள் மீன் விட்டதே அந்தச் சத்தத்துக்காகத்தான்.

இப்போது சத்தம் இல்லை. மீன்கள் மேலே வருவதில்லை.

"அந்த ஆமை இருக்கிற வரைக்கும் வராது தாயே," என்றாள் குருவிடம். "நேத்து ஒண்ணோட வாலைக் கடிச்சிருச்சு. ஒரே குளத்துல ரெண்டும் இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

குரு நீலாயி அம்மை அவளைவிட வயதில் இளையவள். முழங்காலில் நொச்சி இலை வைத்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமைக்கு என்ன போடுறீங்க அக்கா?"

"பொரி. அகத்திக்கீரை. மிஞ்சினா வெண்பொங்கல்."

"பொங்கல் சாப்பிடுதா?"

"மோந்து பாக்குது."

"இது மடம்னு அதுக்கு யாரு சொன்னா?"

வேதநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுக்காக மடத்துக் குளத்துல கவுச்சி போடச் சொல்றீங்களா? பூசைக்குப் பூ எடுக்கிற கை இது. என்னால ஆகாது. ஒண்ணு அது போகணும். இல்லைன்னா நான் போறேன்."

"எங்க போவீங்க?"

"தம்பி வீடு இருக்கு."

குரு முழங்கால் கட்டை இறுக்கிக்கொண்டாள்.

"சரி. முதல்ல அதை ஒரு எடத்துல சேர்த்துட்டு வாங்க."

கோடை. ஏரி வெடித்துக் கிடந்தது. ஆமையை வாளியில் போட்டுக்கொண்டு, தொட்டி உள்ள வீடாகப் பார்த்து ஏறி இறங்கினாள்.

ஆமை வந்தால் குடும்பம் விளங்காது என்று நம்புகிற ஊர் அது. கிணறு தூர் வாரும்போது அகப்பட்டது என்று யாரோ இதை மடத்தில் விட்டுப் போனதும் அந்தப் பயத்தில்தான்.

"காலங்காத்தால நல்ல பொருளாப் பார்த்துக் கொண்டாந்தீங்க!" என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள்.

"சாமி இருக்கிற மடத்துக்கே ஆகலைன்னா, எங்க வீட்டுக்கு மட்டும் யோகமாக்கும்?" என்றாள் இன்னொருத்தி.

வெயில் ஏற ஏற வாளி கனத்தது. கடைசியில் தம்பி வீடு.

வாசலில் கார் நின்றது. தம்பி மனைவி பட்டுப்புடவையில், தாம்பாளத்தில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன மதினி, வாளில?"

"ஆமை. உங்க பின்கட்டுத் தொட்டியில..."

"ஐயையோ, படி ஏத்திராதீங்க! பெரியவனுக்குப் பொண்ணு பாக்கக் கிளம்பிக்கிட்டு இருக்கோம்."

"சரிம்மா, இங்கயே வச்சிர்றேன்."

வாளியைத் தெருவில் வைத்துவிட்டு வேதநாயகி படியில் கால் வைத்தாள்.

தம்பி மனைவி நகரவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்களும்தான் மதினி. கோவிச்சுக்காதீங்க. கார் போற வரைக்கும் அந்த வேப்பமரத்துக்குப் பின்னால நில்லுங்க."

நின்றாள். வாளியும் பக்கத்தில் இருந்தது.

கார் போயிற்று. தம்பி முன்னால் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தான்.

பொழுது சாய மடத்துக்குத் திரும்பினாள். குரு அதே கிணற்றடியில்.

"எடம் கிடைச்சுதா அக்கா?"

"இல்ல தாயே."

"எல்லா வீட்டுலயும் கேட்டீங்களா?"

"தம்பி வீட்டுலயும் கேட்டேன்."

குரு முழங்காலில் கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். வாளியை ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் வேதநாயகி பிடித்தாள்.

குளத்தில் சரித்தார்கள். ஆமை இறங்கிற்று. மீன்கள் சிதறி அடியில் ஒதுங்கின.

"மறுபடியும் கடிக்குமே."

"பசிச்சாக் கடிக்கும்."

"அப்ப மீனுக்கு என்ன வழி?"

குருவுக்குப் பேசவே அலுப்பாக இருந்தது.

"எங்கிட்ட இருக்கிறது ஒரே குளம் அக்கா."

சொல்லிவிட்டு நொண்டி நொண்டி உள்ளே போனாள். வேதநாயகி இருட்டும்வரை குளத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் மீன் சந்தைக்குப் போனாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அலசிக் கழித்த குடலைக் கேட்டு வாங்கினாள். கொண்டுவந்து ஆமைக்குப் போட்டாள். அதன் பிறகு தினமும் போனாள்.

பல வருடங்கள் கழித்து, மடத்திலேயே இறந்தாள்.