சிவப்பு ஷூவும் உத்தரணியும்

மலை உச்சியில் ஒரு சுனை. சுனைக்கரையில் ஒரு குரு. அடிவாரத்தில் அன்னதான மடம். மடத்தின் அடுப்படியில் அவருடைய சீடர் பொன்னுரங்கம். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூட. அதனால் குரு அவரை அண்ணாச்சி என்பார், அவர் குருவைச் சாமி என்பார்.

ஒரு காலத்தில் பொன்னுரங்கம் தினமும் விடியுமுன் மலையேறிப் பாடம் கேட்டுவிட்டு, இறங்கி வந்துதான் அடுப்பு மூட்டுவார். ஒரு மழைக்காலத்தில் போகாமல் இருந்தார். மழை விட்டது. அவர் ஏறவில்லை.

குருவும் அடிவாரத்துக்கு வந்து நாளாயிற்று. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. குரு என்றால் மேலேதானே இருப்பார்.

பொன்னுரங்கத்தின் உடம்பு பெருத்தது. மனசு கேளாமல் என்றைக்காவது கிளம்பினாலும் பாதிவழி மண்டபம் வரைதான். அங்கே உட்கார்ந்து அவர் வாங்கிய மூச்சில், மண்டபத்து வௌவால்கள் குடும்பத்தோடு பக்கத்து மலைக்குக் குடிபோய்விட்டன. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், இன்றைக்கும் அங்கே ஒரு வௌவால் கிடையாது. கூடவே ஏறி வரும் கிழட்டுக் குரங்கு ஒன்று அவர் எழுந்திருப்பார் என்று கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு கொட்டாவி விடும்.

குருவுக்குப் பால் கொண்டுபோகும் செவந்தியம்மாள் அந்த வழியாகத்தான் போவாள்.

"என்ன அண்ணாச்சி, மண்டபத்துக்கு வாடகை உண்டா, சும்மாவா?"

"போ தாயி. முட்டி வலிக்குது."

"முட்டி என்ன பண்ணும் பாவம். அதுமேல ஏறி உட்கார்ந்திருக்கிற வயித்தைக் கேளுங்க."

மார்கழி பிறந்த அன்று அவள் ஒரு சேதி கொண்டுவந்தாள்.

"தைப்பூசத்தன்னைக்குக் காலை வெயில் சுனையில விழுந்ததும் சாமி மவுனத்துல உட்காரப் போறாராம். எத்தனை வருசத்துக்குன்னு சொல்லலை. கேட்க வேண்டியது இருந்தா அதுக்குள்ள வந்து கேட்கணுமாம்."

பொன்னுரங்கத்திடம் வெகுநாளாக ஒரு கேள்வி இருந்தது.

"நீயே கேட்டுச் சொல்லேன் தாயி. மனசுல உறுதிங்கிறது எங்கேருந்து வருது? எனக்கு மட்டும் ஏன் வந்த வழியே போயிடுது?"

மறுநாள் அவள் பதிலோடு வந்தாள்.

"மேல வந்தா சொல்றேன்னுட்டார். அப்புறம், நீங்க என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டார்."

"ஒரு வேளைதான் சாப்பிடுறேன்னு சொல்லு. அதுவும் அளவா."

அது பொய்யில்லை. ஒரு வேளைதான் அவர் இலை போடுவார். மற்ற நேரமெல்லாம் ருசி பார்ப்பார். மடத்துக் கரண்டியில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம். சாம்பாரில் உப்புப் பார்க்க ஒரு கரண்டி. கூட்டில் காரம் பார்க்க ஒரு கரண்டி. பாயசத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகம் தீரவே தீராது.

சில நாள் கழித்துச் செவந்தியம்மாள் ஒரு துணிமூட்டையை அடுப்படியில் வைத்தாள். உள்ளே ஒரு ஜோடி ஷூ. புத்தம் புதுசு, செக்கச் சிவப்பு. ஷூவுக்குள் ஓர் உத்தரணி, கோயிலில் தீர்த்தம் கொடுப்பார்களே, அந்தச் சின்னக் கரண்டி.

"இனிமே ருசி பார்க்க இதாம்."

"இதுலயா? இதுல எறும்புக்கே பசியாறாதே."

"ருசி பார்க்கத்தானே இது, பசியாறவா?"

அவர் பேச்சை மாற்றினார். "இந்த ஷூ?"

"எனக்கென்ன தெரியும். குடுத்தார், கொண்டாந்தேன். வர்ற வழியில இதைப் பார்த்து ஒரு எருமை மிரண்டு வாய்க்கால்ல இறங்கிடுச்சு. இன்னும் ஏறலை."

அவள் போனதும் பொன்னுரங்கம் ஷூவை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். தெரியவில்லை. வயிறு மறைத்தது.

ஓர் எட்டு வைத்தார். வலது கால் வெளியே வந்து முகம் காட்டிவிட்டுப் போயிற்று. அடடா, என்ன சிவப்பு. இன்னோர் எட்டு வைத்தார். இடது கால் வந்தது. இப்படியே வலதைப் பார்க்க ஓர் எட்டும் இடதைப் பார்க்க ஓர் எட்டுமாகப் போய்க்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தபோது மண்டபம் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அடுப்படியில் உத்தரணி வேலை செய்தது. பாயசம் நாக்கில் பட்டதும் காணாமல் போனது. தொண்டைக்குத் தகவலே போகவில்லை. மத்தியானம் நிஜமாகவே பசித்தது. பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"என்னப்பா இது, சாம்பார்ல உப்பே இல்லை?"

"என்னைக்கு இருந்துச்சு?" என்றார் பக்கத்து இலைக்காரர்.

"இத்தனை நாளா ஒருத்தரும் சொல்லலையே."

"கரண்டி கரண்டியா ரசிச்சுக் குடிக்கிறீங்க. எப்படிச் சொல்றது?"

அன்று முதல் சாம்பாரும் தேறியது, அவரும் தேறினார். மண்டபம் தாண்டி வேங்கைமரம் வரை போனார். வேங்கைமரம் தாண்டி வழுக்குப்பாறை வரை போனார். தைப்பூசத்தன்று இருட்டோடு கிளம்பினார்.

கடைசி ஏற்றத்தில் செவந்தியம்மாளைத் தாண்டினார்.

"வேகமா வா தாயி. பால் தயிராயிடப் போகுது."

இன்னும் கொஞ்சம் மேலே போனதும் குரங்கு உட்கார்ந்துவிட்டது. அதற்கு நெஞ்சு அடைத்தது. பொன்னுரங்கம் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உச்சிக்கு ஏறினார்.

கிழக்கு வெளுத்திருந்தது. சுனைக்கரைப் பாறையில், காவி வேட்டி தரையைத் தொட, குரு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. மூச்சு வாங்கலையே."

"குரங்கு வாங்குது, சாமி."

"நேரமில்லை. கேள்வியைக் கேளுங்க."

பொன்னுரங்கம் குனிந்தார். இப்போது இரண்டு காலும் ஒன்றாகத் தெரிந்தன.

"உறுதி எங்கேருந்து வருதுன்னு கேட்க வந்தேன். இப்ப கேட்கவே வெட்கமா இருக்கு. எனக்கு அது செருப்புக் கடையிலேருந்து வந்திருக்கு."

குரு சிரித்தார்.

"சிரிக்காதீங்க சாமி. காலைப் பார்க்க ஆசையா இருந்துச்சு, ஏறிட்டேன். அவ்வளவுதான். அடுத்த மழைக்கு இந்தச் சிவப்பு வெளுத்துடும். அப்புறம் எனக்குப் பழையபடி மண்டபம்தான். நீங்க மவுனத்துல இருப்பீங்க, நான் யார்கிட்ட கேட்பேன்? உங்களை மாதிரி, எதுவும் இல்லாமலே உறுதியா இருக்கச் சொல்லிக்குடுங்க."

முதல் வெளிச்சம் சுனையின் விளிம்புக்கு வந்துவிட்டது.

குரு எழுந்தார். வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். இரண்டு காலிலும் புது ஷூ. அடியில் அடிவாரத்துச் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"கடையில பச்சையும் இருந்துச்சு, அண்ணாச்சி."