நானூற்றுப் பன்னிரண்டு படகும் ஒரு முட்டுக்கட்டையும்

ரயில்வே கேட் மூடியதும் வரிசையில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக எஞ்சினை அணைத்தன. டைட்டஸ் மட்டும் தன் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். அது அவருடைய வாய்.

திருச்செந்தூர் பக்கம் போகும் ரயில் பாதை அது. வரிசையில் முதலாவதாக நின்றது டைட்டஸின் குட்டியானை வண்டி. அதன் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று மாட்டியிருந்தது. டிரெய்லரின் மேல் நீல நிற ஃபைபர் படகு. படகின் பின்பலகையைக் கவ்விக்கொண்டு ஒரு மோட்டார்.

இந்த மோட்டார் கடலில் இருக்கும்போது தன் நீண்ட ஒற்றைக் காலைத் தண்ணீருக்குள் விட்டு நிற்கும். சாலையில் அப்படி விட்டால் காலின் நுனியில் இருக்கும் விசிறி தரையில் உரசிவிடும். அதனால் காலைப் பின்பக்கமாகத் தூக்கி, மோட்டாரிலேயே இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் மாட்டி வைப்பார்கள். படகு நின்ற இடத்தில் நிற்கும்வரை அந்தக் கொக்கி போதும். சாலையில் போதாது. வண்டி ஒரு முறை குதித்தால் மோட்டாரும் ஒரு முறை குதிக்கும். அத்தனை கனமும் அந்தக் கொக்கியையும் பின்பலகையையும் போட்டு இடிக்கும்.

இது படகின் சொந்தக்காரி அமலோற்பவத்துக்கு நன்றாகத் தெரியும். போன முறை வேறொரு டிரைவர் கொண்டுவந்தபோது கொக்கி உடைந்து, பின்பலகை விரிந்து, விசிறி வளைந்து, படகு நான்கு மாதம் தூத்துக்குடிப் பட்டறையில் கிடந்தது. அந்த நான்கு மாதமும் அவள் கணவன் நசரேன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனான். நாளைக் காலையில்தான் மறுபடியும் தன் படகில் போகப் போகிறான். அதற்காகவே அவன் ஒரு வேப்பங்கட்டையை இரண்டரை அடிக்கு அறுத்து, ஒரு முனையில் கவட்டைபோல் வெட்டி, அதில் பழைய டயர் டியூபைச் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தான். ஒரு முனை டிரெய்லரின் குறுக்குச் சட்டத்தில் உட்கார வேண்டும். கவட்டை முனை மோட்டாரின் காலைத் தாங்க வேண்டும். அவ்வளவுதான் அந்த முட்டுக்கட்டையின் வேலை.

டைட்டஸ் அதைப் பட்டறையிலேயே வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்டை நல்லாருக்கு" என்று சொல்லிப் படகுக்குள் எறிந்துவிட்டார். இப்போது கேட் மூடியதும் அதை எடுத்து, சாலை ஓரத்து இரண்டு கற்களின் மேல் குறுக்கே வைத்து, பெஞ்சுபோல் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, இதுவரைக்கும் ரோடு நல்லாருந்துச்சு. கேட்டுக்கு அந்தப் பக்கம் பாருங்க. தண்டவாளம், அது தாண்டுனா அஞ்சு ஸ்பீடு பிரேக்கர். அந்தக் கட்டையக் கொடுங்கண்ணே, மாட்டிருவோம்" என்றாள், பட்டறையிலிருந்து வண்டியில் கூடவே வந்திருந்த அமலோற்பவம்.

"தங்கச்சி, நான் இதுவரைக்கும் இழுத்தது நானூத்திப் பன்னிரண்டு படகு. ஒரு மோட்டார்ல ஒரு கீறல் உண்டா? கேட்டுப் பாரு."

"யாருகிட்டக் கேக்க?"

"என்கிட்டத்தான்."

பனங்கிழங்குக் கட்டோடு பைக்கில் வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு அருகில் வந்தார். மினி பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கினார்கள். கேட் அறையின் வாசலில் கேட் கீப்பர் காசிலிங்கம் வந்து நின்றார். ஆட்கள் சேர்ந்துவிட்டதைப் பார்த்ததும் டைட்டஸ் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒருக்கா ராமநாதபுரத்துல இருந்து குளச்சலுக்கு ஒரு படகு. அவசரத்துல நான் குடிச்சிட்டிருந்த டீயை மோட்டார் தலையில வச்சிட்டு வண்டிய எடுத்துட்டேன். வழியில நூத்தி நாப்பது ஸ்பீடு பிரேக்கர். குளச்சல்ல போய்ப் பாக்கேன், டீ கிளாஸ் அப்படியே இருக்கு. ஒரு சொட்டு சிந்தல. மேல படிஞ்ச ஆடைகூட கலையல."

"டீ ஆறியிருக்குமே?" என்றார் பைக்காரர்.

"எப்படி ஆறும்? நான் போன வேகம் அப்படி!"

"வேகமாப் போயும் சிந்தலையா?"

"அதுக்குப் பேருதான் டிரைவிங்."

"அண்ணே, அந்தக் கட்டை..." என்று அமலோற்பவம் தொடங்கினாள்.

"தங்கச்சி, பேசும்போது நடுவுல முட்டுக்கட்டை போடாத" என்று கையைக் காட்டினார் டைட்டஸ். "இன்னொரு தடவை, சாயல்குடி தாண்டினதும் ஒரு பள்ளம். பள்ளம்னா சாதாரணப் பள்ளம் இல்ல. உள்ள இறங்கும்போது இருட்டு, ஏறும்போது பொழுது விடிஞ்சிருச்சு. அந்தக் குலுக்கல்ல மோட்டார் கொக்கி அறுந்து போச்சு. கண்ணாடியில பாத்தேன். மோட்டார் கீழ வருது. அது தரையத் தொடுமுன்ன நான் குதிச்சு ஓடிப்போய் கையில தாங்கிட்டேன்லா! தாங்கிக்கிட்டே பத்து மைல் ஓடுனேன்."

"வண்டிய யாரு ஓட்டுனா?" என்று மினி பஸ் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"நான்தான். முன்னால ஓடிப்போய் ஸ்டியரிங்க ஒரு திருப்பு. பின்னால ஓடிவந்து மோட்டார ஒரு தாங்கு. மனுசன் சோம்பேறியா இருந்தா முடியுமா?"

காசிலிங்கம் தாடையைத் தடவினார். "பத்து மைலுக்கு அப்புறம்?"

"கை ஓஞ்சு போச்சு அண்ணாச்சி. சரி, கொஞ்சம் இறங்கட்டும்னு விட்டேன். விசிறி தரையத் தொட்டுச்சு. தொட்டதும் சுத்த ஆரம்பிச்சிருச்சு. வேம்பார்ல இருந்து தூத்துக்குடி வரைக்கும் தார் ரோட்டை அப்படியே உழுதுக்கிட்டே வருது! பின்னால பாத்தா ஒரு விவசாயி. சும்மா கிடைச்ச உழவ விடுவானேன்னு நிலக்கடலைய விதைச்சுக்கிட்டே வாறாரு. நான் படகை இறக்கிட்டுத் திரும்பி வரும்போது எனக்கு ஒரு பொட்டலம் அவிச்ச கடலை கொடுத்தாரு."

"திரும்பி எப்ப வந்தீரு?" என்றார் காசிலிங்கம்.

"அன்னைக்குச் சாயங்காலம்."

"காலையில விதைச்சது சாயங்காலமே விளைஞ்சிருச்சா?"

"எஞ்சின் ஆயில் பட்ட மண்ணுல்லா, அண்ணாச்சி!"

எல்லோரும் சிரித்தார்கள். அமலோற்பவம் சிரிக்கவில்லை. "விசிறி என்னாச்சு?" என்று கேட்டாள்.

"கூர் ஏறிருச்சு. அன்னைக்கு அந்தப் படகுக்காரர் வீட்டுல அதுலதான் தேங்காய் துருவுனாங்க. பூ மாதிரி விழுந்துச்சு."

"அண்ணே, நீங்க சொன்ன கதையிலயே கொக்கி அறுந்துச்சுல்லா? அதைத்தான் நானும் சொல்லுதேன். கொக்கியை நம்பாதீங்க. எந்திரிங்க, கட்டைய..."

"பாத்தியளா, பாத்தியளா! கதை சூடு பிடிக்கும்போதுதான் நடுவுல முட்டுக்கட்டை போடுது! அது அந்த மோட்டார் கொக்கி, தங்கச்சி. உன் மோட்டார் கொக்கி யானையத் தாங்கும்."

அமலோற்பவம் மோட்டாரைப் பார்த்தாள். யானையைத் தாங்கும் கொக்கி அவளுடைய சுண்டுவிரல் பருமன்தான் இருந்தது. கூட்டத்தில் யாரோ டிரெய்லரில் சாய்ந்தபோது அது லேசாக முனகியது என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

கேட் அறையில் போன் அடித்தது. காசிலிங்கம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். "பக்கத்து ஸ்டேஷன்ல ரயில விட்டுட்டான். இன்னும் அஞ்சாறு நிமிசம்" என்றார்.

அஞ்சாறு நிமிடம் என்றதும் டைட்டஸ் கதையின் கியரை மாற்றினார்.

"மழை பெஞ்ச கதையச் சொல்லணும்லா! ரோடு முழுக்க இடுப்பளவு தண்ணி. குட்டியானை நின்னு போச்சு. நான் யோசிச்சேன். இந்த எஞ்சின் போனா என்ன, பின்னால ஒரு எஞ்சின் இருக்கே! படகுல ஏறி மோட்டாரக் கீழ இறக்கி ஒரே இழுப்பு. படகு கிளம்புச்சு. டிரெய்லரை இழுத்துச்சு. டிரெய்லர் வண்டிய இழுத்துச்சு. படகு முன்னால, குட்டியானை பின்னால! அஞ்சு கிராமம் தாண்டுனோம். ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தி, 'சீட் பெல்ட் போட்டிருக்கியா?'ன்னு கேட்டாரு. 'ஐயா, நான் படகுல வாறேன்'னேன். 'அப்ப லைஃப் ஜாக்கெட் எங்க?'ன்னு கேட்டுட்டாரு!"

பைக்காரர் சிரித்த சிரிப்பில் ஒரு பனங்கிழங்கு கட்டிலிருந்து நழுவியது. காசிலிங்கம் சிரித்துக்கொண்டே அமலோற்பவத்தைப் பார்த்தார். அவள் கண் கதை சொல்பவரின் மேல் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த கட்டையின் மேல் இருந்தது. பிறகு அது கேட்டைத் தாண்டி அந்த ஐந்து மேடுகளுக்குப் போனது. மறுபடியும் கட்டைக்கு வந்தது. காசிலிங்கம் பதினொரு வருடமாக அந்த மேடுகளில் வண்டிகள் குதிப்பதைப் பார்ப்பவர். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வே டைட்டஸ்! இதெல்லாம் எங்கயோ நடந்த கதை. நம்ம கேட்டுல எதுவும் நடக்கலையா?"

"நடக்காமலா? இதே கேட்டுல ஒருநாள் ரயிலு நின்னு போச்சு."

"நான் பாக்கலையே."

"நீங்க அன்னைக்கு லீவு. டிரைவர் தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. நான் டிரெய்லரைத் திருப்பி, படகு மோட்டாரக் கடைசிப் பெட்டியில முட்டுக்கொடுத்து..."

"நில்லும். எனக்குப் புரியல. உக்காந்துக்கிட்டே சொன்னா எப்படி? எந்திரிச்சு வந்து காட்டும். இந்தக் கேட் கம்பிதான் கடைசிப் பெட்டின்னு வையும்" என்றார் காசிலிங்கம்.

இப்படி ஒரு மரியாதை டைட்டஸுக்கு யாரும் செய்ததில்லை. துள்ளி எழுந்தார். கேட் கம்பிக்குப் பக்கத்தில் போய், காலை அகட்டி, தோளைச் சாய்த்து நின்றார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது.

அமலோற்பவம் குனிந்து கட்டையை எடுத்தாள்.

"மோட்டாரு 'தட தட தட'ங்குது. பெட்டி அசையுது. சக்கரம் உருளுது..."

"எந்தப் பக்கம் தோளு?" என்றார் காசிலிங்கம்.

"இந்தப் பக்கம்."

அவள் கட்டையின் அடிமுனையை டிரெய்லரின் சட்டத்தில் பொருத்தினாள். கவட்டையை மோட்டாரின் காலுக்குக் கீழே கொடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த நைலான் கயிற்றை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"எவ்வளவு வேகம் போச்சு?" என்றார் காசிலிங்கம்.

"அதையேன் கேக்கிய! ஜன்னலோரம் இருந்தவங்க மீசையெல்லாம் பின்னால திரும்பிருச்சு. கடைசியில, ரயிலு குறிச்ச நேரத்துக்குப் பத்து நிமிசம் முன்னாலயே போய்ச் சேந்துருச்சு!"

கூட்டத்தில் தலைகள் இடமும் வலமும் ஆடின.

"அண்ணாச்சி, ரோட்டுல கடலை விளைஞ்சத நம்பினோம். படகு வண்டிய இழுத்ததையும் நம்பினோம். இது மட்டும் முடியாது" என்றார் பைக்காரர்.

அதற்குள் நிஜ ரயில் வந்தது. தரை அதிர்ந்தது. கேட் கம்பி நடுங்கியது. அமலோற்பவம் கடைசி முடிச்சை இறுக்கினாள். ரயில் போய் முடிந்ததும், டைட்டஸ் வெற்றியோடு கூட்டத்தைப் பார்த்தபடியே பின்வாங்கி வந்து, தன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெஞ்ச் இல்லை.

இரண்டு கற்களுக்கு நடுவில் மண்ணில் தொப்பென்று விழுந்தார். கால் இரண்டும் மேலே போயின. கூட்டம் சிரித்த சிரிப்பில் 'கட்டை எங்கே' என்று அவர் கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. கேட் உயர்ந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினார். அமலோற்பவம் ஏற்கெனவே முன் சீட்டில் இருந்தாள்.

வண்டி தண்டவாளத்தில் ஏறி இறங்கியது. முதல் மேடு. இரண்டாவது மேடு. மூன்றாவது மேட்டில் பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம்.

டைட்டஸின் முகம் வெளுத்தது. மிச்சமிருந்த இரண்டு மேடுகளையும் நத்தைபோல் ஊர்ந்து கடந்து, ஓரமாக நிறுத்தி, இறங்கி ஓடினார். நானூற்றுப் பன்னிரண்டு படகு இழுத்த மனிதர் ஓடிய ஓட்டத்தில், பத்து மைல் ஓடிய கதையில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்றுகூடத் தோன்றியது.

யானையைத் தாங்கும் கொக்கி இரண்டாக உடைந்து கிடந்தது. மோட்டார் விழவில்லை. தலையணையில் சாய்ந்ததுபோல், டயர் டியூப் சுற்றிய கவட்டையில் சாய்ந்திருந்தது. விசிறியில் கீறல் இல்லை. பின்பலகையில் விரிசல் இல்லை. அமலோற்பவம் இரண்டையும் கையால் தடவிப் பார்த்து, நாலு மாதமாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

டைட்டஸ் கட்டையைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"என்ன தங்கச்சி, நான் அத்தனை தடவை சொன்னேனே, நடுவுல முட்டுக்கட்டை போடாத, போடாதன்னு."

"நடுவுல எங்கண்ணே போட்டேன்?" என்றாள் அமலோற்பவம். "பின்னாலதானே போட்டிருக்கேன்."