காளத்தியார் கண்ட ஊர்வலம்

மாதோட்டத்துறை அரசருக்கு அவசரம் வந்துவிட்டால் மழைகூட ஒதுங்கி நிற்க வேண்டும். அன்றும் அப்படித்தான். நனைந்த இரும்பு மணலை ஏற்றிக்கொண்டு கப்பல் மறுநாளே கிளம்ப வேண்டும் என்றார்.

"என்னால் முடியாது அரசே" என்றார் மாலுமி மீரா லெப்பை. ஒரு செம்பில் அந்த மணலை அடைத்துத் தரையில் தட்டத் தொடங்கினார். தட்டத் தட்ட மேலே ஈரம் பளபளத்தது. "கடலாட்டத்தில் மொத்தச் சரக்கும் இப்படித்தான் குழம்பும். ஒரு பக்கமாகச் சாயும். கப்பல் கவிழும். என் ஆட்கள் பிழைக்க மாட்டார்கள்."

துறைமுகத் தலைவர் காளத்தியார் சிரித்தார். "செம்பைத் தட்டிப் பயப்படுகிற மாலுமி! அந்த மணல் பாறை மாதிரி இருக்கிறது அரசே. நானே ஏறி நின்று பார்த்தேன்."

அரசர் தம் அவை விகடகவியான சேந்தனைப் பார்த்தார். "ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் அதைக் குழம்பாக்கிக் காட்டு. முடியாவிட்டால் லெப்பை சிறைக்குப் போவார்."

காளத்தியாருக்கு மாலை மரியாதை என்றால் உயிர் என்பது சேந்தனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை, துறைமுகத்தில் ஒரு மாட்டுவண்டி நின்றது. அதன்மேல் பெரிய மரத்தொட்டி. தொட்டி நிறைய அதே மணல். அதன்மேல் ஒரு நாற்காலி.

"ஐயா, பாறைமேல் உங்களை உட்கார வைத்து அரண்மனைவரை ஊர்வலம்" என்றான் சேந்தன்.

காளத்தியார் மாலையோடு ஏறி உட்கார்ந்தார். வண்டி கல்பாவிய தெருவில் கடகடவென்று ஓடியது. பாதி வழியில் நாற்காலியின் கால்களைக் காணோம். அரண்மனை வாசலில் வண்டி நின்றபோது மணல் கூழாகத் தளும்பியது. காளத்தியார் இடுப்புவரை அதற்குள் இருந்தார்.

"தண்ணீர் ஊற்றினாயா?" என்றார் அரசர்.

"இல்லை அரசே. மாடு நடந்தது, அவ்வளவுதான்."

"சரி, வண்டியைத் துறைமுகத்துக்கே திருப்பு."

"வேண்டாம் அரசே" என்று அலறினார் காளத்தியார். "இனி அசைந்தால் முழுகிவிடுவேன்."

"தெருவிலேயே முழுகுவீரா?" என்று அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். லெப்பைக்குச் சிறை இல்லை என்று சொல்லிவிட்டு, "சேந்தா, என்ன பரிசு வேண்டும்?" என்றார்.

"நல்ல வெயில் அரசே. மணல் காய வேண்டும்."

"அதை நான் எப்படியப்பா தருவது?"

"அப்படியானால், அது வரும்வரை பொறுமை தாருங்கள்."