கண் உயரம்

குலசேகரன் முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. பிளைவுட்டைத் தட்டிப் பார்ப்பார். பசை டப்பாவை முகர்ந்து பார்ப்பார். டேப்பின் மேலேயே சந்தேகம் வந்து இன்னொரு டேப் வைத்து அளப்பார்.

வீட்டு ஹாலுக்கு ஒரு டிவி யூனிட்டைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று பொன்மலையில் செலஸ்டினாவின் தச்சுப் பட்டறையில் வேலை கற்கச் சேர்ந்திருந்தார். வேறு ஆளை வீட்டுக்குள் விட மனசில்லை, அவ்வளவுதான். செலஸ்டினா அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவர். ஆனாலும் குலசேகரன் அவரை "டீச்சர்" என்றே கூப்பிட்டார்.

யூனிட் முக்கால்வாசி முடிந்த அன்று, முன்பலகையில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார்.

"இங்க ஒரு துளை வேணும் டீச்சர். பேனா நுழையற அளவுக்கு."

"எதுக்கு சார்?"

"காத்தோட்டத்துக்கு."

"காத்தோட்டத்துக்குப் பின்னாடில்ல போடணும்? இது ஹாலைப் பாக்குதே."

குலசேகரன் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை.

"கேமரா வைக்கப் போறேன்."

டீச்சர் டிரில்லைக் கீழே வைத்தார்.

"நான் வெளிய செருப்பைக் கழட்டும்போது உள்ள சிரிப்புச் சத்தம் கேக்குது. என் வீட்டுக்காரியும் மகளும்தான். கதவைத் திறந்தா கப்சிப். டிவி மட்டும் ஓடுது. என்னைப் பத்தித்தான் ஏதோ பேசிச் சிரிக்கிறாங்க. தெரியாம எனக்குச் சோறு இறங்கல டீச்சர்."

மனிதர் பாவம், உண்மையிலேயே நொந்து போயிருந்தார்.

"சரி, போடலாம்" என்றார் டீச்சர். "அதுக்கு முன்னாடி டிவி எந்த உயரத்துல வரணும்னு பாக்கணும்."

"நாப்பத்திரண்டு அங்குலம். நெட்ல போட்டிருக்கான்."

"அவன் உங்க வீட்டுல உக்காந்து பாத்தானா? பாக்குறவங்க கண்ணுக்கு நேரா வரணும் சார். யார் யார் எங்க உக்காருவீங்கன்னு வரைங்க."

சாக்பீஸை நீட்டினார். குலசேகரன் குனிந்து தரையில் நீளமாக ஒரு சோபா வரைந்தார். இந்த ஓரத்தில் ஒரு வட்டம், மனைவி சுகந்தி. அந்த ஓரத்தில் ஒரு வட்டம், மகள் தாரிணி.

"நடுவுல?"

"யாருமில்ல. தலகாணி கிடக்கும்."

"நீங்க?"

சோபாவுக்குப் பின்னால், நாலடி தள்ளி ஒரு பெருக்கல் குறி போட்டார். "சாப்பாட்டு மேசை நாற்காலி."

"அங்கேருந்து டிவி தெரியுமா?"

"டிவியை யார் பாக்குறா? அங்கேருந்துதான் ரெண்டு பேர் போனும் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான், சொல்லிவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது. டீச்சர் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் அகப்படவில்லை.

டீச்சர் பெருக்கல் குறியைக் காலால் தேய்த்து அழித்தார். ஸ்டூலை இழுத்து, இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் போட்டார்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"கண் உயரம் எடுக்கணும்."

குலசேகரன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். டீச்சர் தரையிலிருந்து அவர் கண் வரை டேப் பிடித்தார். அளவைப் பலகையில் எழுதிக் கோடு போட்டார். பிறகு டிரில்லை எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்தார்.

"துளை?" என்று பதறினார் குலசேகரன். "அப்புறம் நான் இல்லாதப்ப அவங்க என்ன பேசுறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"ஒரு மாசம் இந்த இடத்துல உக்காந்து டிவி பாருங்க சார். துளை எப்ப வேணா போட்டுக்கலாம்."

குலசேகரன் இடப்பக்க வட்டத்தைப் பார்த்தார். வலப்பக்க வட்டத்தைப் பார்த்தார். டேப்பை வாங்கி இன்னொரு முறை அளந்து பார்க்கவில்லை.